அத்திப்பள்ளியில் திருப்பிய வண்டி

1

எங்கள் டிப்போவில் அடுத்த மாதம் ஒருநாள் வேலைநிறுத்தம். அதற்கான அறிவிப்பை மூன்று வாரத்துக்கு முன்பே ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டிவிட்டார்கள். எந்தத் தடம் ஓடாது, எத்தனை மணியிலிருந்து ஓடாது, பதிலுக்கு எந்த ரயிலைப் பிடிக்கலாம் என்று எல்லாம் போட்டு, கடைசியில் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி. நேற்று என் வண்டியில் ஏறிய ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள், "அன்றைக்கு எனக்கு மருத்துவமனை நாள். ஒருநாள் தள்ளி மாற்றிக்கொண்டுவிட்டேன். எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் போராடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் நன்றி சொன்னேன். 

ஆக்லாந்தில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். எட்டு வருடமாகிறது. அதற்கு முன்னால் ஓசூரில் டாக்சி ஓட்டினேன், பிறகு போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ் ஓட்டினேன். மூன்று இடத்திலும் வேலை ஒன்றுதான், ஏறுகிறவரை அவர் போகவேண்டிய இடத்தில் இறக்கிவிடுவது. இங்கே இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும். முதல் வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது. போச்சம்பள்ளியில் ஷிப்ட் முடிந்து இறங்குகிறவன் தூக்கக் கலக்கத்தில் டிபன் பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவான், மறுநாள் வந்து என்னைத்தான் திட்டுவான்.

இங்கே ஊரார் தாயையெல்லாம் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு நன்றி வாங்கிக்கொள்கிறேன். என் தாயை நாற்பது கிலோமீட்டர் கொண்டுபோய்ச் சேர்க்க என்னால் முடியவில்லை. அது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

2

போன வருடம் இங்கே குளிர் விடைபெறும் சமயம். மாலை ஐந்தரை மணிக்கு அம்மா கூப்பிட்டாள். ஓசூரில் அப்போது காலை பதினொன்று. அம்மா எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். அன்று வாரநாள் என்பதால் முதல் மணியிலேயே எடுத்தேன்.

"கண்ணு, பயப்படாத. வலது கண்ணுல ஓரமா ஒரு துணி தொங்கற மாதிரி இருக்குது. தள்ளித் தள்ளி விட்டாலும் போவ மாட்டேங்குது. கிரிஜாவுக்கு இன்னிக்கு லீவு, அவதான் டாக்டராண்ட கூட்டிகினு வந்தா. இரு, டாக்டரு உங்கிட்ட பேசணுங்கறாரு."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து பிரியத் தொடங்கிவிட்டது. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் பிரிவதற்குள் ஆபரேஷன் செய்துவிட்டால் பார்வை தங்கும். அதற்கு ஓசூரில் அவரிடம் வசதி இல்லை. பெங்களூரில் தெரிந்த சர்ஜனிடம் பேசி மறுநாள் காலை எட்டரைக்கு இடம் வாங்கிவிட்டார். அதை விட்டால் அந்த சர்ஜன் நான்கு நாள் ஊரில் இல்லை. "தலையை ரொம்ப அசைக்காம, குலுங்காம கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

அம்மாவுக்கு இடது கண் முன்பே போனதுதான். பிறந்த ஊரான கல்லாவியில் சின்னப் பெண்ணாக இருந்தபோது கரும்புத் தோகை கிழித்த கண். வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். ஊசியில் நூல் கோத்தது, பஸ் போர்டு படித்தது, என் முகத்தைப் பார்த்தது எல்லாம் இந்த வலது கண்ணால்தான். அதை வைத்துக்கொண்டு அவள் காலை எட்டரைக்குப் பெங்களூர் போய்ச் சேரவேண்டும்.

அம்மா மறுபடி போனை வாங்கினாள். "நாளைக்கு டாக்சி எல்லாம் ஸ்ட்ரைக்காம் கண்ணு. பார்டர்ல நிறுத்திடறாங்களாம். கிரிஜா ஒரு யோசனை சொல்றா. அவ கம்பெனி பஸ்ஸு அஞ்சேகாலுக்கு நம்ம தெருமுனைக்கு வருது. டிரைவருகிட்ட போன்லயே கேட்டுட்டா, முன்னாடி சீட்டு தர்றேன்னுட்டாராம். பொம்மசந்திரால எறங்கி மெட்ரோ புடிச்சா ஏழரைக்குள்ள ஆஸ்பத்திரியாம். நாளைக்கும் லீவு போட்டுட்டு அவளே வர்றேங்கறா. இப்ப மருந்து வாங்கப் போயிருக்கறா. நான் அதுலயே போயிடறேன்."

கிரிஜாக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் கன்னடம், எங்களோடு தமிழ். பொம்மசந்திராவில் முதல் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் வெளியாளை ஏற்றினால் டிரைவருக்கு வேலை போகும். அந்த மனிதர் சரி என்றிருக்கிறார் என்றால் கிரிஜாக்கா எவ்வளவு கெஞ்சியிருப்பார் என்று கம்பெனி பஸ் ஓட்டிய எனக்குத் தெரியாதா? கம்பெனி பஸ்ஸை ஸ்ட்ரைக்காரர்கள் தொடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

தெரிந்தும், "வேணாம்மா" என்றேன். "அந்த பஸ்ஸு எப்படி ஆடும்னு எனக்குத் தெரியும். டாக்டர் குலுங்கக் கூடாதுங்கறாரு. சையதை அனுப்பறேன். வீட்டு வாசல்ல ஏறி ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கு."

"ஸ்ட்ரைக்குங்கறேனே."

"ஆஸ்பத்திரி வண்டிய விடுவாங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

"கிரிஜா கூட இருந்தா எனக்கு தெம்பா இருக்கும் கண்ணு."

"சொன்னா கேளும்மா."

அம்மா கேட்டாள். ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். அதையும் சொன்னேன். நடக்கிறவளுக்கு எதற்கு ஆம்புலன்ஸ், தெருவே கூடிவிடும் என்று அதற்கு மட்டும் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

3

"விடுவாங்க" என்று நான் அடித்துச் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

சையதும் நானும் ஓசூரில் ஒரே டாக்சி ஸ்டாண்டில் வண்டி போட்டவர்கள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் பர்மிட் வரிக்காக நாங்களும் ஸ்ட்ரைக் செய்தோம். ஜூஜூவாடி தாண்டி, கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியில் நின்றுகொண்டு மஞ்சள் போர்டு வாடகை வண்டி எது வந்தாலும் திருப்பி அனுப்பினோம். அப்போது எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிக்கு ஸ்டாண்டில் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்போம். வண்டி நம்பர், நோயாளி பெயர், எந்த ஆஸ்பத்திரி, கீழே 'விடவும்' என்று ஒரு வார்த்தை, அதன் மேல் சங்கத்தின் ஊதா முத்திரை. முன்கண்ணாடியில் அதை ஒட்டிவிட்டால் ஓசூரிலிருந்து பெங்களூர் வரை ஒருத்தன் கை காட்டமாட்டான். என் கையெழுத்து அழகு என்று சீட்டு எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் நான் ஏதோ தாசில்தார் மாதிரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற நேரத்தில் அத்திப்பள்ளியில் நின்றேன். சீட்டு இல்லாமல் வந்து கெஞ்சியவர்களிடம், "ஒரு வண்டிய விட்டா எல்லாம் போச்சுங்க" என்று நானே சொல்லித் திருப்பியிருக்கிறேன். அந்த வண்டிகளுக்குள் யார் இருந்தார்கள் என்று குனிந்து பார்த்ததில்லை.

அன்று மாலை சையதைக் கூப்பிட்டு, சீட்டு வாங்கி ஒட்டிக்கொண்டு போ என்றேன். 

"டேய் குமரேசா, எந்தக் காலத்துல இருக்கறடா நீ? ஸ்டாண்டு இருந்த எடத்துல இப்ப செல்போன் கடை. தலைவரு அவரு பையனோட துபாய் போயிட்டாரு. இப்ப ஸ்ட்ரைக் பண்றவங்க எல்லாம் போன் ஆப்புல ஓட்டற பசங்க. அவனுங்களுக்கு ஸ்டாண்டும் கெடையாது, தலைவரும் கெடையாது. போன்ல ஒரு குரூப்பு, அவ்ளோதான்."

"முத்திரை எங்கடா?"

"எங்கூட்டு பீரோல கெடக்குது. அத்த வெச்சி என்ன பண்ண?"

"நீயே எழுதிக் குத்திக்கோ. அத்திப்பள்ளில நம்ம ஆளு யாராவது நிப்பான்."

"அம்மாவ பஸ்ல அனுப்புடா. கேளு எம்பேச்ச."

நான் கேட்கவில்லை. வெளிநாட்டுக்கு வந்தவனுக்கு ஊர் அவன் விமானம் ஏறிய நாளிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு அந்த ஊர் அத்துப்படி என்கிற திமிர் மட்டும் வருடத்துக்கு வருடம் வளர்கிறது.

4

மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு எனக்கு டியூட்டி. ஓட்டும்போது போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உரிமம் போகும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஐம்பது நிமிடம், அங்கே ஏழு நிமிட ஓய்வு. அம்மாவின் அன்றைய காலை முழுவதும் எனக்கு ஏழு ஏழு நிமிடமாகத்தான் கிடைத்தது.

முதல் ஓய்வில் சையதின் குரல் பதிவு இருந்தது. "கெளம்பிட்டோம்டா. அம்மா பின்னாடி சாஞ்சிகினு இருக்கறாங்க. சீட்டு ஒட்டிட்டேன், என் கையெழுத்து உன்னுது மாதிரி இல்ல, பரவால்ல." எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. டீ குடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கில் கசக்கிறது.

இரண்டாவது ஓய்வில் ஒன்பது தவறிய அழைப்புகள். கூப்பிட்டதும் சையது எடுத்தான். அத்திப்பள்ளியில் முக்கால் மணி நேரமாக வண்டியை நிறுத்திவைத்திருந்தார்கள். "நீயே பேசு" என்று பக்கத்தில் நின்ற ஒருவனிடம் போனைக் கொடுத்தான். குரல் இளசாக இருந்தது.

"அண்ணா, காலைலருந்து எல்லாருமே மெடிக்கல்தாங்கறாங்க. கதவத் தொறந்தா சூட்கேஸ் இருக்குது. ஏர்போர்ட் பார்ட்டி. நாங்க யாரத்தான் நம்பறது? இந்த முத்திரை எந்த சங்கத்துது? நாங்க ஒருத்தரும் கேள்விப்பட்டதே இல்லையே."

"நானும் டிரைவர்தான் தம்பி. இதே அத்திப்பள்ளில ஸ்ட்ரைக்ல நின்னவன்."

"அப்ப உங்களுக்கே தெரியும்ல அண்ணா. ஒரு வண்டிய விட்டா எல்லாம் போச்சு."

 அவன் கெட்டவன் இல்லை. அம்மாவைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம், வண்டி மட்டும் திரும்பட்டும் என்றான். அதற்குள் என் ஏழு நிமிடம் முடிந்து, நேரத்தைக் காட்டும் திரை சிவப்பானது. வண்டியில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ரேடியோவில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அவசரம், என்னை விடுவிக்க முடியுமா என்று கேட்டேன். பதற்றத்தில் என் ஆங்கிலம் எப்போதும் காலை வாரும். அம்மாவை எல்லையில் நிறுத்திவிட்டார்கள் என்றேன். அவர் கவலையோடு, பாஸ்போர்ட் பிரச்சினையா என்று கேட்டார். இல்லை, டாக்சி பிரச்சினை என்றேன்.  அம்மா மருத்துவமனையில் இருக்கிறாரா என்றார். இல்லை, அதுதான் பிரச்சினை என்றேன். நல்ல மனிதர்தான். அவசர விடுப்புக்கான காரணங்களை வாசித்தார்: மரணம், விபத்து, மருத்துவமனையில் அனுமதி, குழந்தை பராமரிப்பு. வேறொரு நாட்டில் நடக்கும் டாக்சி ஸ்ட்ரைக் அந்தப் பட்டியலில் இல்லை. மாற்று டிரைவர் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார். வந்து விடுவித்தால்தான் நான் என்ன செய்யப்போகிறேன்? வீட்டுச் சமையலறையில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பிறகு வந்ததெல்லாம் சையதின் துண்டுத் துண்டுப் பதிவுகள். காரைச் சாலையோரம் போட்டுவிட்டு அம்மாவோடு அவனே கிளம்பியிருந்தான். தினமும் டாக்சியில் போகும் ஐ.டி. பிள்ளைகள், ஷேர் வண்டியில் போகும் தொழிற்சாலை ஆட்கள், எல்லாரும் அன்று பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றார்கள். ஓசூரிலிருந்தே நிரம்பி வந்த மூன்று பஸ் நிற்காமல் போய்விட்டது. "நாலாவது பஸ்ஸு நின்னுச்சு. படில தொங்கறாங்க. அம்மாவ நடுவுல நிக்க வெச்சி நான் சுத்தி கைய வெச்சிருக்கறேன். குலுக்காமத்தான்டா பாக்கறேன், முடியல." அதற்கடுத்த பதிவில் சந்தாபுராவில் பஸ் நகரவில்லை. அதற்கும் அடுத்ததில் பொம்மசந்திரா மெட்ரோவில் வரிசை படிக்கட்டு இறங்கி ரோட்டுக்கு வந்திருந்தது. வயசானவங்க, கண்ணு சரியில்லை என்று அவன் கன்னடத்தில் கெஞ்சுவதும், யாரோ வழிவிடுவதும், இன்னும் யாரோ "நமக்கும் டைம் ஆகுதில்ல" என்று கத்துவதும் கேட்டது. அம்மாவின் குரல் ஒருமுறைதான் வந்தது. "அவன் வண்டி ஓட்டறான், இதெல்லாம் அனுப்பாத சையது" என்றாள்.

அந்த மூன்று மணி நேரமும் என் வண்டி ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கிய ஒவ்வொருவரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

5

பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சர்ஜன் பத்து மணிக்கே கிளம்பியிருந்தார். கவுண்டரில் இருந்த பெண் நான்கு நாள் கழித்து வரச் சொல்லி ஒரு தேதி எழுதிக் கொடுத்தாள். வேறு இரண்டு ஆஸ்பத்திரிக்கும் சையது நடந்தே போய்க் கேட்டான். அன்றைக்கு அங்கே டாக்டர்களே வந்துசேரவில்லை.

அந்தத் தேதியில் ஆபரேஷன் நடந்தது. அதற்குள் நடுப்பகுதியும் பிரிந்துவிட்டது. ஒட்டவைத்தார்கள். ஒட்டியும் பார்வை திரும்பவில்லை. கதவு எது, ஜன்னல் எது, ஆள் வருகிறாரா என்பது தெரியும். வருகிறது யார் என்று தெரியாது.

பதினோராம் நாள் விடுப்புக் கிடைத்து நான் போய் இறங்கினேன். பெங்களூர் விமான நிலைய வாசலில் டாக்சிகள் வரிசைகட்டி நின்றன. "எங்க சார் போகணும், ஓசூரா?" என்று நான்கு பேர் ஓடிவந்தார்கள். ஸ்ட்ரைக் ஒரே நாளில் முடிந்துபோயிருந்தது. பேச்சுவார்த்தையில் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்று என்னை அழைத்துவந்த டிரைவரிடம் கேட்டேன். "ஒன்னும் இல்ல சார், பாக்கலாம்னாங்க" என்றார். அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

6

என் மகள் தாரணிக்குப் பதின்மூன்று வயது. தமிழ் புரியும் என்பாள். உண்மையில் 'சாப்பிட்டாயா' வரைக்கும்தான் புரியும். ஆனால் அம்மாவுக்கும் அவளுக்கும் வாராவாரம் பேச்சு இருந்தது. பேச்சு என்றால் காட்டுவது. இவள் வரைந்த படத்தைக் காட்டுவாள், அம்மா பூத்த செவ்வந்தியைக் காட்டுவாள். இவள் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு சுற்றுவாள், அம்மா திருஷ்டி கழிப்பாள். அரைமணி நேரம் ஒரு முழு வாக்கியம் இல்லாமல் ஓடும்.

இப்போது காட்டுவதற்கில்லை. போன மாதம் தாரணி பள்ளியில் வாங்கிய பதக்கத்தைத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா, "பாப்பா இருக்கறாளா? சத்தத்தையே காணோமே" என்றாள். தாரணி, பதக்கம் என்பதற்குத் தமிழில் என்ன என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்து, அவள் அதைச் சொல்லிப் பார்ப்பதற்குள் அழுகை வந்து எழுந்து போய்விட்டாள். பிறகு ஒருநாள், போராடுவது அவர்கள் உரிமை என்று நீதானே அப்பா எப்போதும் சொல்வாய், அப்படியானால் யார்மேல் கோபப்படுவது என்று கேட்டாள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

7

போன ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது கிரிஜாக்கா அம்மாவோடு இருந்தார். அம்மாவுக்கு வேளாவேளைக்குச் சொட்டு மருந்து போடுவது இந்த ஒரு வருடமாக அவர்தான். செய்வதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முன்போல் கேலி பேசுவதில்லை, உட்கார்ந்து காபி குடிப்பதில்லை, போட்டுவிட்டுப் போய்விடுகிறார் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காத தம்பி" என்றார் கிரிஜாக்கா. "அன்னிக்கு எங்கூட வந்திருந்தா இந்தக் கண்ணு போயிருக்காது. டிரைவரு கால்ல விழாத கொறையா கேட்டு சீட்டு வாங்கினேன். மருந்து வாங்கிட்டு வர்றதுக்குள்ள பெரிம்மா வேணாம்னுட்டாங்க. எங்கள மாதிரி லேபருங்களோட பஸ்ல வர அவங்களுக்கு புடிக்கல. டாக்சிதான் வேணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஆமா, நாந்தான் வேணாம்னேன். பஸ்ஸு எனக்கு ஒத்துக்காது, வாந்தி வரும். எத்தினி வாட்டி சொல்றது கிரிஜா?"

"கல்லாவிக்கு மாசாமாசம் பஸ்லதானே போனீங்க. அப்ப வராத வாந்தியா?" என்று சொல்லிவிட்டுக் கிரிஜாக்கா போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதுவரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச நேரம் இருந்தது. பேசவில்லை.

"ஏம்மா பொய் சொன்ன?"

அம்மா என்னைப் பார்ப்பதாக நினைத்து ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள். "எங்கண்ண எம்புள்ளதான் கெடுத்தான்னு நாலு பேரு பேசறத நான் கேட்டுகினு இருக்கணுமா? கண்ணுதான் போச்சு கண்ணு, காது நல்லாத்தான் இருக்குது."

கிரிஜாக்காவிடம் போனில் சொல்ல மூன்றுமுறை முயன்றேன். மூன்றுமுறையும் அம்மா உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் அவருக்கான கடிதத்தைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். அக்கா, அம்மா உங்கள் பஸ்ஸில் வருகிறேன் என்றுதான் சொன்னாள். நீங்கள் கூட இருந்தால் தெம்பாக இருக்கும் என்றும் சொன்னாள். வேண்டாம் என்றது நான்.